நாற்பத்தோராயிரத்து இருநூறு

மனாமா, பஹ்ரைன்
2-2-1986

அன்புள்ள பூரணத்துக்கு,

காளிராஜ் எழுதுவது. நான் நலம். அங்கே நீயும் அப்பாவும் நலமாக இருக்கவேண்டும் என்பதே என் நினைப்பு.

என்னோடு ஸ்டோரில் வேலை பார்க்கும் அபுதாஹிர் லீவில் வருகிறான். உங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன்தான். அவன் கையில் உனக்கு ஒரு பெட்டி கொடுத்து விட்டிருக்கிறேன். பார்த்ததும் மிக்ஸி என்று நினைத்துத் தேங்காயைப் போட்டுவிடாதே. அது வீடியோ கேம். டி.வி.யில் மாட்டி விளையாடுவது. நான் கட்டிக்கொண்ட ஐந்தாம் மாதமே பிளேன் ஏறியவன். நாலு வருஷமாக நீ பொழுதை எப்படித்தான் தள்ளுகிறாயோ என்று நினைத்து நினைத்துத்தான் வாங்கினேன்.

பேர் சஃபீரா. இங்கேயே பாதிப் பேருக்கு இந்தப் பேர் தெரியாது. மேலே பொன்னெழுத்தில் சஃபீரா என்று இருக்கும். கவிழ்த்துப் பார்த்தால், வேறொரு கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்கிச் செய்தது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒரே வருஷம் போட்டுவிட்டு நிறுத்திவிட்டார்களாம். மிச்சம் கிடந்த கடைசிப் பெட்டியைக் கடைக்காரன் என் தலையில் கட்டினான். அதற்குள் செருகுகிற கேசட்டும் ஒன்றே ஒன்றுதான். மற்ற செட்டின் கேசட் இதில் நுழையாது. இதற்கு வேறு கேசட் உலகத்தில் எங்கேயும் கிடைக்காது. பத்திரம்.

ஆற்றில் ஒரு தோணி போகும். பாறை வரும், முதலை வரும். இடிக்காமல் ஓட்ட ஓட்ட மேலே பாயிண்ட் ஏறும். ஏரியல் வயரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இதன் வயரை மாட்டவேண்டும். மறந்துவிடாதே.

விசா பற்றி மறுபடியும் கேட்டிருந்தாய். சூப்பர்வைசர் கையெழுத்துப் போடத் தயார்தான். ஆனால் அப்பாவை நினைத்துப் பார். பக்கவாதத்தில் விழுந்த வலது கை அப்படியே கிடக்கும்போது அவரை யாரிடம் விட்டுவிட்டு வருவாய்? கை தேறட்டும். தேறிய மறுமாதமே உன்னை இங்கே அழைத்துக்கொள்கிறேன். இது சத்தியம்.

உன் அன்பு
காளிராஜ்


முடங்கியார் ரோடு, ராஜபாளையம்
3-3-1986

அன்புள்ள அத்தானுக்கு,

பூரணம் எழுதிக்கொண்டது. பெட்டி வந்துசேர்ந்தது. நான் மிக்ஸி என்று நினைக்கவில்லை. இஸ்திரிப்பெட்டி என்று நினைத்தேன்! சுருள் வயரும் கைப்பிடியுமாக இருந்தால் வேறு என்ன நினைப்பதாம்? வந்த பொருளுக்கு முதலில் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, பிறகுதான் டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தேன். வைத்த குங்குமம் அந்த நம்பர் பொத்தான்களுக்குள் இறங்கி, மூன்றாம் நம்பர் அமுங்கினால் எழும்ப மாட்டேன் என்கிறது. சிரிக்காதீர்கள்.

மாட்டுவதற்கு டி.வி. ரிப்பேர் செய்கிற ஐயாதுரையைக் கூப்பிட்டேன். ஏரியலைக் கழற்றினால் இலங்கை ஸ்டேஷன் திரும்பக் கிடைக்காது, ஆடிக்காற்றில் திரும்பிய கம்பத்தை நேராக்க எம்புட்டு பாடுபட்டேன் தெரியுமா என்று அவர் கழற்ற மறுத்துவிட்டார். ஏரியல் வயரோடு உங்கள் பெட்டி வயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போனார். படம் நன்றாகத்தான் தெரிகிறது. நம் மாடிக் கம்பத்திலிருந்து வயர் போகிற பக்கத்து வீட்டுத் தங்கபாய் டீச்சருக்கும் இலங்கை முன்போலவே வருகிறதாம்.

முதல் நாள் தோணியை எடுத்த எடுப்பிலேயே பாறையில் மோதி நான் போட்ட கூச்சலில் டீச்சர் கரண்டியோடு ஓடிவந்துவிட்டார். இப்போது ஆறாயிரம் வரை எடுக்கிறேன். மாமாவுக்குத்தான் பிடிக்கவில்லை. “பொம்பளப் பிள்ளைக்கு இது என்ன கூத்து” என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். ஆனால் பெட்டியை மூடச் சொல்லவும் இல்லை.

மாமா தடியூன்றி நன்றாக நடமாடுகிறார். கைதான் அப்படியே இருக்கிறது. இடது கையால் சாப்பிடச் சொன்னால், “பீச்சாங்கையால சோறு திங்கவா பொறந்தேன்” என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். அதனால் மூன்று வேளையும் நான்தான் பிசைந்து, உருட்டி, வாயில் கொடுக்கிறேன். மில்லில் முப்பது வருஷம் அறுந்த நூலைக் கண்மூடித் திறக்குமுன் ஒட்டிய விரல்கள் இப்படிக் கிடக்கிறதே என்று பார்க்கப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. ஆனால் அத்தான், எனக்கும் இருபத்தேழு முடிகிறது. தெருவில் போகிற வருகிறவர்களெல்லாம் விசேஷம் உண்டா என்று என் வயிற்றைத்தான் பார்க்கிறார்கள். தபாலில் பிள்ளை பிறக்குமா என்று ஒருநாள் கேட்டுவிடப் போகிறேன்.

உங்கள் அன்பு
பரிபூரணம்


மனாமா
20-4-1986

அன்புள்ள பூரணத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்து அறையில் எல்லாரும் சிரித்தோம். குங்குமம் வைத்த வீடியோ கேம் உலகத்திலேயே நம் வீட்டில்தான் இருக்கும்.

வாய்க்கு வாய் சோறு ஊட்டுகிற மருமகள் எத்தனை பேருக்குக் கிடைப்பாள்? பெற்ற பிள்ளை நான் செய்யவேண்டியதை நீ செய்கிறாய். உன்னைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும். இன்னும் கொஞ்ச காலம் பொறுத்துக்கொள். அப்பாவுக்கு உன்னை விட்டால் நாதியில்லை.

ஆறாயிரம் போதாது. தோணியை நடு ஆற்றில் ஓட்டாதே. இடது கரையை ஒட்டியே போனால் முதலை வராது.

உன் அன்பு
காளிராஜ்


ராஜபாளையம்
12-8-1986

அன்புள்ள அத்தானுக்கு,

இதை எழுதும்போதுகூட எனக்கு உடம்பு சிலிர்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஆடிப்பூரத் தேர் பார்க்க அண்ணன் ராக்கப்பன் கூப்பிட்டான் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். இரண்டே நாள்தான். மாமாவுக்கு வேளாவேளைக்கு ஊட்டிவிட்டுப் போக, பாத்திரம் தேய்க்க வருகிற வெள்ளைத்தாயிடம் சொல்லி வைத்திருந்தேன். போகும்போது டி.வி.யின் மர ஷட்டரை இழுத்துச் சாத்திவிட்டுத்தான் போனேன். அது எம்புட்டு இறுக்கம் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால்தான் நகரும்.

திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டுக்குள் நுழையக்கூட இல்லை, தங்கபாய் டீச்சர் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளிறிக் கிடந்தது.

“ஏட்டி பூரணம், நீ ஊர்ல இல்லதான?”

“இப்பத்தான டீச்சர் வாரேன்.”

“அப்பம் ஒங்க வீட்ல யாரு வெளையாண்டா?”

காற்றில் கம்பம் ஆடியதால் டீச்சர் பகலிலேயே செட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஸ்டேஷன் இல்லாத நேரம். வெறும் புள்ளி புள்ளியாகத்தானே இருக்கவேண்டும்? ஆனால் அங்கே ஒரு தோணி போய்க்கொண்டிருந்ததாம்! நம்முடைய அதே தோணி! அந்தக் கேசட்டு இந்தச் சீமையில் நம் வீட்டைத் தவிர வேறு எங்கே இருக்கிறது? மேலே எண்கள் ஓடிக்கொண்டே இருந்தனவாம். எவ்வளவு என்று டீச்சர் பார்க்கவில்லை. பயத்தில் செட்டை அணைத்துவிட்டு ஜெபம் செய்ய உட்கார்ந்துவிட்டார். ஐயாதுரை இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கியதால்தான் நம் படம் கம்பம் வழியாக அவர் வீட்டுக்குப் போயிருக்கிறது என்பது இப்போதுதான் புரிகிறது. அதுவாவது புரிகிறது. ஓட்டியது யார்?

உள்ளே போய்ப் பார்த்தால் ஷட்டர் நான் சாத்தியபடியே இருக்கிறது. மாமா கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். “யாராவது வந்தாவளா மாமா” என்று கேட்டேன். “ஒரு காக்கா கூட வரல, தாயி” என்றார். வெள்ளைத்தாய் ஊட்டியது பிடிக்கவில்லை, பசிக்கிறது என்றார். கையைக் கழுவிவிட்டு வந்து ஊட்டினேன்.

டீச்சர் பொய் சொல்லுகிறவர் இல்லை. அந்தப் பெட்டி ஆள் இல்லாமல் தானாக ஓடுமா அத்தான்? உடனே பதில் எழுதுங்கள். அதன் பக்கம் போகவே பயமாக இருக்கிறது.

உங்கள் அன்பு
பரிபூரணம்


மனாமா
25-8-1986

அன்புள்ள பூரணத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் பதறிப்போய் அன்றே எழுதுகிறேன். பேயுமில்லை, பிசாசுமில்லை. பயப்படாதே. இந்த மாதிரி மெஷின்களில் ஒரு வித்தை உண்டு. கரண்ட் போய்த் திரும்ப வந்தால் யாரும் தொடாமலே தானாக விளையாட ஆரம்பித்துவிடும். கடையில் வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஷட்டர் மூடியிருந்தாலும் உள்ளே அதுபாட்டுக்கு ஓடும். மெஷினுக்குக் களைப்பு ஏது? 41,200 எல்லாம் அதற்கு ஒரு கணக்கா?

டீச்சரிடமும் இப்படியே விளக்கமாகச் சொல். ஊரெல்லாம் சொல்லிவைக்கப் போகிறார். அப்பாவிடம் இதைப் பற்றித் துருவித் துருவிக் கேட்காதே. வயசான மனுஷர், மிரண்டுவிடுவார்.

உன் அன்பு
காளிராஜ்


ராஜபாளையம்
9-9-1986

அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

உங்களுக்குப் போன கடிதத்தைத் தபாலில் போட்ட மூன்றாம் நாள் மாமாவின் தலையணை உறையை மாற்றினேன். உள்ளே ஒரு தாள். நம் தினசரிக் காலண்டரில் ஆகஸ்ட் எட்டாம் தேதி கிழித்தது. பின்பக்கம் பென்சிலால் வரிசையாக எண்கள். 19,300. 27,650. 33,000. கடைசியில் 41,200. அதற்கு அடியில் மட்டும் இரண்டு கோடு. மாமா போடுகிற நாலு எனக்குத் தெரியாதா? படுக்கையில் விழுமுன் வீட்டு வரி ரசீதுக்குப் பின்னாலெல்லாம் அவர் எழுதி வைத்த அதே நாலு.

அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கோபம் வரவில்லை. அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். கை வந்துவிட்டது! மாமாவுக்குக் கை வந்துவிட்டது! சமயம் பார்த்து நம் இரண்டு பேரையும் திகைக்க வைக்கத்தான் மனுஷர் ஒளித்துவைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். டிரங்குப் பெட்டியைக்கூடத் துடைத்து வெயிலில் வைத்தேன். வேளைக்கு வேளை ஊட்டினேன். இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார் என்று பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார், வாங்கிக்கொண்டார், மென்றார். சொல்லவில்லை.

பிறகு உங்கள் கடிதம் வந்தது.

அத்தான், நான் உங்களுக்கு எந்த எண்ணும் எழுதவில்லை. டீச்சர் பார்க்கவே இல்லை என்றுதான் எழுதினேன். எனக்கே அது தலையணைக்குள்ளிருந்துதான் தெரியும். கடல் தாண்டி இருக்கிற உங்களுக்கு 41,200 எப்படித் தெரிந்தது?

அந்த வரியைப் படித்ததும் தலையில் இடி விழுந்தது என்று சொல்வார்களே, அப்படியெல்லாம் இல்லை. காது அடைத்துவிட்டது. பால்காரர் கதவைத் தட்டியது கேட்கவில்லை.

தானாக ஓடும் என்று எழுதியிருந்தீர்கள். அதையும் பார்த்துவிட்டேன். மெயினை அணைத்து அணைத்துப் போட்டேன். காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரை அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். தோணி கரையை விட்டு ஒரு அங்குலம் நகரவில்லை.

நேற்று மாமாவுக்குச் சவரம் செய்ய வந்த சோலைச்சாமி, போகும்போது, “சின்னம்மா, ஏர்மெயில் கவர் தீந்துபோச்சான்னு மாமாட்ட கேளுங்க, வாங்கியாரேன்” என்றார். எத்தனை நாளாக வாங்கித்தருகிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டேன். போன வருஷம் சித்திரையிலிருந்து என்றார். ஒன்றரை வருஷம் அத்தான்.

மாமாவிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை. உங்கள் பதில் வரும்வரை ஊட்டிக்கொண்டுதான் இருப்பேன். எனக்கு ஒன்றுதான் தெரியவேண்டும். உங்களுக்கு இது எப்போதிருந்து தெரியும்? இந்தச் சமாசாரம் போன மாதம்தான் தெரிந்தது என்று எழுதினால்கூட நம்பிவிடுவேன். நம்பத்தான் ஆசையாக இருக்கிறது.

பரிபூரணம்


மனாமா
23-9-1986

என் உயிர் பூரணத்துக்கு,

இனி உன்னிடம் மறைத்துப் புண்ணியமில்லை. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். படித்துவிட்டுத் திட்டு. ஆனால் கடைசிவரை படி.

அப்பாவுக்குப் போன வருஷம் சித்திரையிலேயே விரல் அசைய ஆரம்பித்துவிட்டது. கோணல்மாணலாக ஒரு கடிதம் எழுதினார். அதை இன்னும் வைத்திருக்கிறேன். “எலே, கை வந்துட்டுன்னு தெரிஞ்சா அந்தப் பிள்ளை மறுநாளே பிளேன் ஏறிரும். பொறவு எனக்கு யாருலே இருக்கா? நான் கண்ணை மூடுறவரைக்கும் இது ஒன் வாயிலேர்ந்து வரக்கூடாது. செத்துப்போன ஒன் அம்மா மேல ஆணை” என்று எழுதியிருந்தார். அம்மா பேரைச் சொன்ன பிறகு நான் என்ன செய்ய? சரி என்று எழுதிவிட்டேன். எழுதிய நாளிலிருந்து எனக்கு ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விரலுக்கு ஓயாமல் வேலை கொடுத்தால் கை முழுசாகத் தேறும் என்று இங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ஒருத்தர் சொன்னார். அதற்காகத்தான் சஃபீராவை வாங்கினேன். உனக்கும் பொழுதுபோகும் என்று நினைத்தது பொய்யில்லை. நீ கடைக்கும் கோயிலுக்கும் போகிற நேரத்தில் அப்பா விளையாடிப் பழகியிருக்கிறார். 41,200 எடுத்ததும் சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டு எனக்கு எழுதினார். அந்தச் சந்தோஷம்தான் காட்டிக்கொடுத்துவிட்டது.

நடந்தது நடந்துவிட்டது. அவரும் பாவம், பயத்தில் செய்துவிட்டார். உன்னை ஊரே மெச்சுகிறது. அது வீண்போகவில்லை. நேற்றே சூப்பர்வைசரிடம் பேசிவிட்டேன். விசாவுக்குக் கையெழுத்து ஆகிவிட்டது. தீபாவளிக்கு நீ இங்கே இருப்பாய். அப்பாவுக்கு ஆள் போட்டுக்கொள்ளலாம். உன் பாஸ்போர்ட் நம்பரை மட்டும் உடனே எழுதி அனுப்பு.

உன்னையே நினைத்திருக்கும்
காளிராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
14-10-1986

காளிராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி மதியம் வந்தது. உலையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நின்றபடியே படித்தேன்.

பேசி ஒரே நாளில் கையெழுத்து ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு நாள் ஒன்றரை வருஷமாக எங்கே போயிருந்தது? உங்கள் அப்பா செய்ததைக்கூட என்னால் ஓரளவு புரிந்துகொள்ள முடிகிறது. தனியாகச் சாகப் பயந்தார். நீங்கள் எதற்குப் பயந்தீர்கள்? நான் வயிற்றைத் தொட்டுக்கொண்டு உங்களுக்கு எழுதினேனே, அந்தக் கடிதத்துக்கு, கையெடுத்துக் கும்பிடவேண்டும் என்று பதில் எழுதினீர்களே! எப்படி மனசு வந்தது உங்களுக்கு? ஆணை வாங்கினார், ஆணை கொடுத்தீர்கள். நடுவில் என்னை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் மாமாவையும் கூட்டிக்கொண்டே வருகிறேன் என்று சொல்லியிருப்பேன். அந்த வீட்டில் அப்படி ஒரு வழி இருந்ததே யாருக்கும் தெரியாது.

பெட்டியைக் கவிழ்த்து அடியில் இருப்பதைப் பார்க்கச் சொன்னீர்கள். மேலே ஒரு பேர், அடியில் வேறு பேர். எனக்கு என்று சொல்லி வந்ததும் எனக்கு இல்லை.

அன்று மதியம் வழக்கம்போல் சோறு போட்டு, பருப்பு ஊற்றி, நெய் விட்டுத் தட்டை மாமா முன்னால் வைத்தேன். பிசையவில்லை. எதிரே உட்கார்ந்து, ஆகஸ்ட் எட்டாம் தேதித் தாளை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். உங்கள் கடிதத்தை அதன் மேல் வைத்தேன்.

அவர் தாளைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. சோறு ஆறிக்கொண்டே இருந்தது. ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். “தாயி, தப்புப் பண்ணிட்டேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இப்போதும் சொல்கிறேன், நான் பிசைந்து ஊட்டியிருப்பேன். அவ்வளவு பைத்தியக்காரி நான்.

வலது கையை மடியிலிருந்து எடுத்தார். சோற்றைப் பிசைந்தார். உருட்டினார். வாயில் போட்டுக்கொண்டார். ஒரு பருக்கை சிந்தவில்லை. ஒரு விரல் நடுங்கவில்லை. பாதி சாப்பிட்டதும் தட்டை என் பக்கம் நகர்த்தி, “ரசம் ஊத்து தாயி” என்றார்.

ஊற்றினேன்.

அவர் கை கழுவிவிட்டு வருமுன் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். வெள்ளைத்தாய் இரண்டு வேளையும் வந்து சமைத்து வைக்கிறாள், கவலை வேண்டாம். சாப்பிட அவருக்கு ஆள் தேவையில்லை. இங்கே அண்ணன் எதுவும் கேட்கவில்லை. தங்கபாய் டீச்சர் சொல்லிவைத்ததில் வ. புதுப்பட்டி பால்வாடியில் ஆயா வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேருகிறேன். அங்கேயும் ஊட்டுகிற வேலைதான். ஆனால் அந்தக் கைகளுக்கு நிஜமாகவே தெரியாது.

பாஸ்போர்ட் நம்பர் கேட்டிருந்தீர்கள். எழுதப்போவதில்லை. இதற்குப் பதிலும் வேண்டாம்.

சஃபீரா டி.வி. பக்கத்திலேயே இருக்கிறது. அது உங்கள் அப்பாவுக்கு வந்தது, நான் தொடவில்லை. கேசட்டை மட்டும் எடுத்து வந்துவிட்டேன். வேறு கேசட் உலகத்தில் எங்கேயும் கிடைக்காது என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள்.

பரிபூரணம்